பம்பை வைத்த ராக் பாட்டு

என்னால் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடிவதில்லை. உங்களுக்கும் என் வயதுதானே, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். உங்களுக்கெல்லாம் முட்டி வலி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்கிறீர்கள். எனக்கு நேர்மாறு. சீரியல் பார்க்க உட்கார்ந்தால் முதல் விளம்பரம் வருவதற்குள் எழுந்து சமையலறைக்குப் போய், அங்கே ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவேன். டாக்டர் ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாக நடங்கள் என்றார். அதைத்தானே ஐயா செய்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் என் மகள் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். நாலு பையன்கள் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு, ஆற்றைக் கொல்லாதே, ஏரியைக் கொல்லாதே என்று கத்துகிறார்கள். கிட்டார் அலறுகிறது. கீழே எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "இது ராக்மா. சுற்றுச்சூழல் பத்தின பாட்டு. உனக்குப் புரியாது" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி லாரிக்காரன் தலையில் போட்டிருப்பேன். எனக்கா புரியாது? பதினோரு வயதில், திருத்தணியில், ஆடிக் கிருத்திகையன்று மேடையேறி அப்படி ஒரு பாட்டைப் பாடினவள் நான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், பிறகு மிச்சத்தையும் கேட்பாள். மிச்சத்தைச் சொல்வது கஷ்டம். உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. தாமரை பூத்துக் கிடந்தது, அல்லி சிரித்தது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. வெயில் காலத்தில் நாறும். அட்டை ஏறும். ஒரு பக்கம் துணி துவைப்பார்கள், மறுபக்கம் எருமை கழுவுவார்கள், நடுவில் பையன்கள் குதிப்பார்கள். ஆனால் தெருவில் இருந்த ஏழு கிணற்றிலும் சித்திரையில்கூடத் தண்ணீர் நின்றது அந்த நாற்றக் குட்டையால்தான். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அத்தைக்கும்.

அத்தை என் நைனாவின் தங்கை, எங்கள் வீட்டில் அப்பா நைனாதான். மாமா பள்ளிப்பட்டுப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். அத்தைக்கு மிஞ்சியது எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையும் இரண்டு எருமைகளும். விடிவதற்கு முன்னால் பால் கறந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாள். அண்ணன் வீட்டில் இருந்தாலும் அண்ணன் சோறு தின்கிறாள் என்று ஒரு நாக்கு சொல்லக்கூடாது, அது அவளுக்கு முக்கியம். எருமைக்குத் தண்ணீரில் கிடக்க வேண்டும். குட்டை இல்லாவிட்டால் எருமை இல்லை, எருமை இல்லாவிட்டால் அத்தைக்குத் தன் சோறு இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அந்த வருடம் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். மலைக்கு வருகிற கூட்டம் தங்க லாட்ஜ் கட்டப் போகிறேன் என்றார். புறம்போக்காக இருந்த குட்டை எப்படியோ அவர் பேருக்குக் காகிதமாகி வந்தது. மண் அடிக்கிற வேலையை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? எங்கள் நைனாவிடம். நைனா அப்போதுதான் டிராக்டர் வாங்கியிருந்தார். ஆடி முடிந்ததும் வேலை ஆரம்பம் என்று பேச்சு. அத்தை கேட்டபோது நைனா, "நான் கொட்டலன்னா இன்னொருத்தன் கொட்டுவான். எருமய வித்துட்டு ஊட்ல சும்மா குந்திகினு இரு, யாரு கேக்கப்போறா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அத்தை தூக்குச்சட்டியை எடுத்துத் தேய்த்தாள், அடிப்பாகம் ஓட்டையாகிவிடுமோ என்று நான் பயந்தேன்.

இனி சித்தப்பா. நைனாவின் கடைசித் தம்பி, அத்தைக்கும் தம்பி. அரக்கோணத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தற்காலிக வேலை. அங்கே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது, தன் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்புக் கிட்டார். ஓரத்தில் பெயின்ட் உரிந்து மரம் தெரியும். அதற்கு மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி, காய்ச்சல்காரனைத் தூக்கி வருவது போல ரயிலில் தூக்கி வந்தார். ஐந்தாவது கம்பி அறுந்துபோனபோது சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து ஒரு இழையை மாட்டினார். அந்தக் கம்பி மட்டும் எப்போதும் கொஞ்சம் அழும்.

குட்டைக்கு மண் என்று கேள்விப்பட்டதும் சித்தப்பா மனு எழுதவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை. பாட்டு எழுதினார். பாட்டு போட்டால் ஊர் திருந்திவிடும் என்று மனதார நம்பிய கடைசி மனிதர் அவர்தான். ராக் என்றால் என்ன சித்தப்பா என்று கேட்டேன். "கோவத்த தாளத்துல வெச்சு அடிக்கறது பாப்பா" என்றார். வாசலில் இருந்த நைனா, "கோவமா இருந்தா வெறக பொளக்கச் சொல்லு. உங்கம்மா அடுப்புக்கு ஆவும்" என்றார்.

பாட்டு இப்படிப் போகும். குட்டையே பேசுவதாக வைத்திருந்தார்.

"குட்டை கேக்குது குட்டை கேக்குது
எவன்டா பதில் சொல்றது?
என் வாயில மண்ணப் போட்டா
உன் வாயில எத ஊத்துவே?"

நாலு சரணம். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் "கேக்குது, கேக்குது" என்று நாலு முறை நான் சொல்ல வேண்டும். பெரியவன் குரலைவிடச் சின்னப் பெண் குரலில் கேட்டால்தான் உறைக்கும் என்பது சித்தப்பாவின் யோசனை. விஷயமே கடைசி சரணத்தில்தான் இருந்தது. குட்டை போனால் உன் கிணறு போகும், கிணறு போனால் தண்ணீரை லாரியில் வாங்குவாய் என்று அதில் வரும். தண்ணீரை யாராவது வாங்குவார்களா என்று நான்கூடச் சிரித்தேன்.

மைக்செட் பாய் கடையில்தான் ஒத்திகை. கடை முழுக்கச் சால்டரிங் புகை, கழற்றிப் போட்ட ரேடியோக்கள், கூம்பு ஸ்பீக்கருக்குள் தூங்கும் பூனை. பாய்தான் ஆம்ப்ளிபையரைக் கிட்டாருக்கு ஏற்றமாதிரி மாற்றிக் கொடுத்தார். எல்லாம் இருந்தது, டிரம் செட் மட்டும் கிடைக்கவில்லை. மெட்ராஸிலிருந்து வரவழைக்கச் சித்தப்பாவால் முடியாது. அதனால், கிருத்திகைக்குக் காவடிகளோடு வருகிற நகரிப் பக்கத்துப் பம்பைக்காரரைப் பிடித்து வந்தார்.

பாய் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "தம்பி, பம்ப வோணாம்பா. ஆடி மாசம். எவளாவது சாமி வந்து எழுந்துக்குவா."

"பாய், எங்க சாமிக்கு நீங்க இன்னாத்துக்கு பயப்படறீங்க?"

"சாமிக்கு இல்லப்பா, மைக்குக்கு. போன வருசம் ஒர்த்தி ஸ்டாண்டோட இஸ்துகினு போய்ட்டா."

சித்தப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தால் அந்தக் கடையின் தகரம் அதிரும். ஒரு பக்கம் குச்சியால் அடிப்பார், மறு பக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பார். அந்தத் தேய்ப்பு வயிற்றுக்குள் போய் எதையோ சுரண்டும். என்னால் உட்கார முடியாமல் போனது அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கை இல்லை.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு அத்தை குட்டையில் எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்று பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பம்பய எப்பிடி, ஒரே மாதிரி அடிப்பாரா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்த. மூணாவது சரணம் முடிஞ்சதும் நான் கேக்குது கேக்குதுன்னு சொல்லுவேன் இல்ல, அப்ப எக்குத்தப்பா வேகமா அடிப்பாரு."

"ஆங்" என்றாள். எருமையின் காதுக்குள் வைக்கோலை விட்டுத் தேய்த்தாள். அவளுக்குப் பாட்டில் ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

கிருத்திகை அன்று எங்கள் தெரு இளைஞர்கள் காவடி எடுத்துப் போகிறவர்களுக்கு மோர்ப்பந்தல் போடுவார்கள், சாயங்காலம் நாலு மணிக்குச் சின்ன மேடையில் கச்சேரி. அந்த வருடம் மேடைச் செலவு கான்ட்ராக்டருடையது. முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நைனா. தெரு முழுக்க மஞ்சள். மயில் இறகு, பூக்காவடி, சூடான தாரில் தண்ணீர் ஊற்றின வாசனை, மோரில் கொத்தமல்லி. மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அரோகரா சொல்லிக்கொண்டு நின்று நின்று போனார்கள். பிள்ளையார் பாட்டு ஒன்று, முருகன் பாட்டு ஒன்று. மூன்றாவதாகச் சித்தப்பா, மேலே போர்த்தியிருந்த வேட்டியை உருவிவிட்டுச் சிவப்புக் கிட்டாரைத் தோளில் மாட்டினார்.

முதல் சரணத்தில் கூட்டம் வாயைப் பிளந்தது. அப்படி ஒரு சத்தத்தை எங்கள் தெரு கேட்டதில்லை. இரண்டாவதில் யாரோ, "டேய், நம்ம குட்டயப் பத்திப் பாட்றான்டா" என்றார்கள். நைனா கீழே பார்த்தார். கான்ட்ராக்டர் சிரித்த முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். மூன்றாவது சரணம் முடிந்து நான் "கேக்குது, கேக்குது" என்று ஆரம்பிக்க, பம்பை ஏறியது.

அத்தை எழுந்தாள்.

கூந்தல் அவிழ்ந்தது. இரண்டு பெண்கள் பிடித்தார்கள், உதறினாள். யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ கையில் வேப்பிலை திணித்தார்கள். பம்பைக்காரர் பாட்டை விட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து அத்தைக்கு எதிரில் போய் நின்று அடித்தார். அவருடைய தொழில் அது, சாமி வந்த பிறகு அவர் சித்தப்பாவின் ஆளில்லை. சித்தப்பாவின் கை கிட்டாரிலேயே நின்றுவிட்டது. பாய் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.

"ஆத்தா, யாரு நீ? எங்க கீறே?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"குட்டையில கீறேன்டா! எவன்டா எம்மேல மண்ணு கொட்றேன்னவன்? கொட்டிப் பாரு, உன் வம்சம் வெளங்குதான்னு பாக்கறேன்!"

முருகன் திருவிழாவில் அம்மன் வந்து நிற்பதில் ஊருக்கு ஒரு சங்கடமும் இல்லை. பிள்ளை வீட்டு விசேஷத்துக்கு அம்மா வரக்கூடாதா? எல்லாத் தலையும் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பியது. நைனாவின் முகம் வெளுத்தது. அரை நிமிடம், அந்த அரை நிமிடம் மட்டும், குட்டை பிழைத்திருந்தது.

கான்ட்ராக்டர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். அந்த ஆள் மேல் எனக்கு இன்றைக்கும் கொதிப்புத்தான், ஆனால் மூளைக்காரன் என்பதை மறுக்கமாட்டேன். "ஆத்தா, தெரியாம பண்ண இருந்தேன். உன்ன இத்தினி வருசம் சேத்துலயும் சாணியிலயும் போட்டு வெச்சது எங்க தப்பு. அந்த எடத்த மேடாக்கி உனக்குக் கோயில் கட்டறேன். சம்மதம்னா கற்பூரத்த வாங்கிக்கோ" என்றார். தெருவே அரோகரா என்றது. தட்டில் கற்பூரத்தை ஏற்றி நீட்டினார்.

உங்களுக்குத் தெரியும், சாமி உடம்பை விட்டு மலையேற வேண்டுமானால் எரிகிற கற்பூரத்தை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் வேறு வழி கிடையாது. போட்டுக்கொண்டால் கேட்டதற்குச் சம்மதம். போட்டுக்கொள்ளாவிட்டால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தை ஆடினாள். வெகுநேரம் ஆடினாள். பம்பை விடவில்லை. நெற்றி மஞ்சள் கண்ணில் வழிந்தது, முட்டி மடங்கியது. ஒருமுறை என்னைப் பார்த்தாள். சாமி வந்தவர்கள் யாரையும் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. கடைசியில் வாயைத் திறந்தாள்.

சித்தப்பா இரண்டு நாள் கிட்டாரை வேட்டியால் மூடியே வைத்திருந்தார். மூன்றாம் நாள் அத்தையிடம், "அக்கா, உன் ஆத்தா ஒரு ரெண்டு நிமிசம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா? கடைசி சரணத்துலதான்கா விசயமே கீது" என்றார். அத்தை தலையாட்டினாள். வாய் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

அதை நான் மட்டும் கண்டுபிடித்தேன். டீ வேண்டாம் என்கிறாள், குழம்பு வேண்டாம் என்கிறாள், நீராகாரத்தை மட்டும் குடித்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போகிறாள். பின்னாலேயே போய், நாக்கை நீட்டு அத்தை என்றேன். மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. நீட்டினாள். முழுக்க வெள்ளைக் கொப்புளம்.

"சாமி வந்தவங்களுக்கு நாக்கு வேகாதுன்னு நீதான அத்த சொன்னே?"

சாணி நாறும் கையால் என் வாயைப் பொத்தினாள். குழறிக் குழறிச் சொன்னாள்: "பாட்டுக்கெல்லாம் இவனுங்க மசிய மாட்டானுங்கடி. ஆத்தா பேரச் சொன்னா தொடமாட்டானுங்கன்னு நெனச்சேன். கோயில் கட்றேன்னு சொல்லுவான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" பிறகு கன்றுக்குட்டியின் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். சித்தப்பாவிடம்கூடச் சொல்லக்கூடாது. சாமி பேரில் பொய்யாடினாள் என்று தெரிந்தால் தெரு அவளை என்ன செய்யும் என்று எனக்கே தெரியும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையை இரண்டு பேரும் மென்று முழுங்கினோம்.

ஆயில் என்ஜின் வைத்து மூன்று நாள் தண்ணீரை இறைத்தார்கள், அம்மனைத் தேடி. விரால் கிடைத்தது, கெளுத்தி கிடைத்தது, உடைந்த பாட்டில் கிடைத்தது. சேற்றில் ஒரு வழுவழுப்பான கருங்கல் கிடைத்தது. அத்தை நின்று கால் தேய்க்கிற கல். கரையோரம் எப்போதும் கிடந்ததுதான், அந்த வருட மழையில் உள்ளே சரிந்திருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அத்தையின் எருமைப் பாலையே வாங்கி அதன்மேல் ஊற்றினார்கள். அத்தை பக்கத்தில் நின்று கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதுவிட்டேன், பக்தி என்று எல்லோரும் சொன்னார்கள்.

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை இல்லை. முன்னால் தம்மாத்துண்டு கோயில், பின்னால் மூன்று மாடி லாட்ஜ். லாட்ஜுக்கும் அம்மன் பேர்தான். எருமைகளை அடுத்த பங்குனியில் ஆந்திராக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார், அத்தை தெருமுனை வரைகூடப் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் தட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் பம்பைக்காரர் வந்து எதிரில் நின்று அடிப்பார், அவள் ஆடித்தான் ஆக வேண்டும். பாட்டை அவர் "ஆத்தா கேக்குது" என்று மாற்றிக்கொண்டார், நல்ல பேர் அந்தப் பாட்டுக்கு. கிணறுகள் ஒவ்வொன்றாய் வற்றின. சித்தப்பா பெங்களூரில் ஏதோ ஃபேக்டரிக்குப் போனார், கிட்டார் என்னவாயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். அத்தை செத்தபோது ஊரே திரண்டு வந்து, சாமி போயிடுச்சு என்று அழுதது.

நான் சொல்ல வந்தது அதையெல்லாம் இல்லை. மண் கொட்ட ஆரம்பித்த நாளைச் சொல்ல வந்தேன்.

காலை எட்டு மணி இருக்கும். நைனாவின் டிராக்டர் மண்ணோடு கரையில் நின்றது. புது டிராக்டருக்குச் சந்தனம், மாலை. குட்டை வெறும் சேறாகக் கிடந்தது. முதல் கூடையை ஆத்தா வந்த உடம்புதான் போட வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொன்னார். தெருவே ஆமாம் என்றது. அத்தையை மஞ்சள் புடவை கட்டி அழைத்து வந்தார்கள். எதிர்க்கரையில் சித்தப்பா தனியாக நின்றார். அத்தை கூடையை வாங்கினாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிடு அத்தை, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கத்தினேன். அவள் தலையைக் குனிந்து, குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல, மெதுவாக மண்ணைச் சரித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

"பாட்டு பாடின பாப்பாவாலதான ஆத்தா வந்தா? அதுவும் ஒரு கூட போடட்டும்" என்றார் கான்ட்ராக்டர். நைனா சந்தோஷமாக என் கையில் ஒரு கூடையைக் கொடுத்தார்.

சித்தப்பா எதிர்க்கரையிலிருந்து என்னையே பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். பதினோரு வயதுப் பெண்ணை யார் என்ன செய்திருப்பார்கள்? இத்தனை வருடமாக வீட்டுக்குள் நடந்து நடந்து யோசித்துவிட்டேன், ஒன்றும் செய்திருக்கமாட்டார்கள்.

கனமான கூடை, கை நடுங்கியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சின்னக் கூடைதான் அது. ஒரே வீச்சில் கொட்டினேன். கூட்டம் கை தட்டியது. மேடையில் பாடியபோது யாரும் தட்டவில்லை. அதனால் எனக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு கூடை கேட்டு வாங்கிக் கொட்டினேன்.